அந்தப் பழைய ரிப்போர்ட் இருக்கா, அங்கிள்?

"ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட் இருக்கா, அங்கிள்?"

கேட்டவர் கண் பரிசோதனை அறையில் கருவியை இயக்கும் பெண். முப்பது வயதுகூட இருக்காது. தமிழில் பேசுகிறாரே என்று சந்தோஷப்படுவதா, அங்கிள் என்றதற்கு வருத்தப்படுவதா என்று நான் முடிவு செய்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "லேசிக் எந்த வருஷம் பண்ணீங்க?"

கண்ணாடியை விட்டொழிக்கச் செய்துகொண்ட லேசர் ஆபரேஷன். 2005 என்றேன். ரிப்போர்ட் இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் ஏதோ ஒரு கட்டத்தைத் தட்டிவிட்டுத் தாடையை வைக்கச் சொன்னார்.

நான் போனது வெள்ளெழுத்துக் கண்ணாடிக்காக. நாற்பத்தெட்டு வயதில் வரவேண்டியது வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துப் போனவனிடம், இடது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது, அவசரமில்லை, ஆனால் என்றைக்காவது ஆபரேஷன் தேவைப்படும் என்றார் டாக்டர். கிட்டப்பார்வை அதிகமாக இருந்த கண்களில் புரை கொஞ்சம் முந்திக்கொண்டு வருவது உண்டாம். அப்புறம் அவரும் அதே கேள்வியைக் கேட்டார். பழைய ரிப்போர்ட் இருக்கிறதா?

இருபது வருடமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. லேசிக் செய்த அன்றைக்கு யாராவது, "இந்தத் தாளைப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்" என்று சொல்லியிருந்தால் வைத்திருப்பேன். சொல்லவில்லை. செய்த இடத்திலேயே போய்க் கேட்கலாம் என்றால் அந்த இடம் இப்போது இல்லை. அதே தளத்தில் நகத்துக்குச் சாயம் பூசும் கடை நடக்கிறது.

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு அடுத்த பத்தி வேண்டாம், தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் மைனஸ் ஆறு பவர் என்பதை நாங்கள் 600 டிகிரி என்போம். டயாப்டரை, அதாவது அந்தப் பவர் எண்ணை, நூறால் பெருக்கினால் டிகிரி. இங்கே இளையர்களில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குக் கிட்டப்பார்வை. 2001 முதல் சுகாதார மேம்பாட்டு வாரியம் இதற்கென்றே ஒரு தேசியத் திட்டம் நடத்துகிறது. எனக்குத் தொடக்கநிலை இரண்டில் கண்ணாடி. உயர்நிலை முடிக்கும்போது 500. தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போகும்போது 600. தெக்கோங் தீவில் மழையில் ஊர்ந்துகொண்டே, கண்ணாடியைத் துடைக்கச் சட்டையில் காய்ந்த இடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடியவனுக்கு, லேசிக் எதற்கு என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை எதிர் புளோக்கின் எண்ணைப் படுக்கையில் இருந்தபடியே படித்தேன். மூங்கில் கழியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளில் எத்தனை கிளிப் என்றுகூட எண்ணினேன். அதற்குப் பிறகு அந்த ரிப்போர்ட்டைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

அதில் என்னதான் இருந்திருக்கும்? டிகிரியை விட்டால் ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டே எண்கள்தான் முக்கியம். கார்னியாவின் வளைவு ஒன்று, அதன் தடிமன் ஒன்று.

கார்னியாவை நாம் கருவிழி என்று சொல்லிப் பழகிவிட்டோம். கண்தானப் பதாகைகளிலும் அப்படித்தான் போடுகிறார்கள். உண்மையில் அதில் கருப்பு ஒரு பொட்டுகூடக் கிடையாது. கைக்கடிகாரத்தின் கண்ணாடி மாதிரி, கண்ணின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நிறமில்லாத ஜவ்வு அது. பின்னால் இருக்கும் நிறம்தான் அதன் வழியாகத் தெரிகிறது. குறுக்களவு ஏறக்குறைய 12 மி.மீ. நடுவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன், ஓரத்துக்குப் போகப் போக இன்னும் தடிமன். ஆப்பத்துக்கு நேர் எதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தக் குழாய் கிடையாது. பிராணவாயுவைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. கண்ணின் மொத்தப் பவர் சுமார் 60 டயாப்டர் என்றால், அதில் 43 இந்த மெல்லிய ஜவ்வுடையது. மீதிதான் உள்ளே இருக்கும் லென்ஸுடையது.

கிட்டப்பார்வைக்காரனின் கண் பெரும்பாலும் நீளம் கூடிய கண். ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. கண்ணின் நீளத்தைக் குறைக்க வழியில்லை, அதனால் முன்னால் இருக்கும் வளைவைக் குறைக்கிறார்கள். இட்லியின் உச்சியை உள்ளங்கையால் லேசாகத் தட்டினால் எப்படித் தட்டையாகுமோ அப்படி. லேசிக்கில் மேலே ஒரு மெல்லிய மூடியைச் சீவி ஓரமாகத் திருப்பி வைத்து, அடியில் இருக்கும் திசுவை லேசரால் எடுத்துவிட்டு, மூடியை மறுபடி மூடிவிடுவார்கள்.

அந்த லேசரின் கதையில் நம்மூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போன ரங்கசாமி ஸ்ரீனிவாசன். ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை. 1981 நவம்பரில், அமெரிக்கர்கள் வான்கோழி சமைத்துச் சாப்பிடும் நன்றி கூறும் நாளுக்கு மறுநாள், வீட்டில் மிஞ்சிய வான்கோழியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் எக்சைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர். பக்கத்துத் திசு கருகவில்லை, சுருங்கவில்லை. பட்ட இடம் மட்டும் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. அவரும் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இரண்டு சகாக்களும் சேர்ந்து செய்த இந்த வேலைக்கு அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. 2013இல் ஒபாமா வழங்கினார். மிச்சக் கறியை வீணாக்காத குணம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது பாருங்கள்.

லேசரின் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய கால் மைக்ரான் கார்னியா ஆவியாகும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மொத்தம் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மன்னர்லின் என்பவர் 1980களில் கொடுத்தது. சரிசெய்யும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, டயாப்டரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் மைக்ரான் கணக்கில் ஆழம் வரும். 6 மி.மீ. வட்டம், 6 டயாப்டர் என்றால் 36ஐ ஆறால் பெருக்கி மூன்றால் வகுக்க 72. தலைமுடியின் தடிமன் என்று சொல்லலாம். நடைமுறையில் ஓரங்களை இழைத்துவிட இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே எடுப்பார்கள்.

சரி, இதையெல்லாம் அளப்பது எப்படி? நான் சொல்லவந்தது இங்கேதான் தொடங்குகிறது.

கார்னியாவின் வளைவை யாரும் தொட்டு அளப்பதில்லை. அது முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒளியைத் திருப்புகிறது. தெரிந்த அளவுள்ள ஒரு உருவத்தை அதன் முன்னால் காட்டி, பிரதிபலிப்பு எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்று பார்த்தால் வளைவின் ஆரம் கிடைத்துவிடும். ஸ்பூனின் பின்பக்கத்தில் முகம் பார்க்காதவர் உண்டா? அதே தத்துவம்தான். 1850களில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்கு ஒரு கருவி செய்தார். 1880களில் போர்ச்சுகலைச் சேர்ந்த பிளாசிடோ, கருப்பும் வெள்ளையுமாக வட்டத்துக்குள் வட்டம் வரைந்த ஒரு தட்டின் நடுவில் ஓட்டை போட்டு அதன் வழியாக நோயாளியின் கண்ணைப் பார்த்தார். வட்டங்கள் சீராக விழுந்தால் கார்னியா சீர். நெருங்கினால் அங்கே செங்குத்து, விலகினால் தட்டை. இன்றைக்கும் கண் மருத்துவமனையில் ஒரு ஒளிரும் வளையக் கூம்புக்குள் முகத்தை வைக்கச் சொல்கிறார்களே, அது அந்தத் தட்டின் பேரப்பிள்ளை.

இந்தக் கருவிகள் எல்லாம் முன்பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். கார்னியாவுக்குப் பின்பக்கமும் ஒன்று இருக்கிறது, அதற்கும் வளைவு இருக்கிறது, அது சுமார் 6 டயாப்டரைக் கழிக்கிறது. அதை அளக்க வழியில்லாத காலத்தில் ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். பொதுவாக எல்லார் கண்ணிலும் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் முன்பக்கத்தை அளந்து, ஒளிவிலகல் எண்ணைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் போதும், பின்பக்கமும் கணக்கில் வந்ததாகிவிடும். கார்னியாவின் உண்மையான ஒளிவிலகல் எண் 1.376. கருவிகளுக்குள் போட்டுவைத்திருப்பது 1.3375. இந்த எண்ணைப் போட்டால் 7.5 மி.மீ. ஆரத்துக்குச் சுளையாக 45 டயாப்டர் வருகிறது. கணக்கு வாத்தியார் மனசுக்குப் பிடித்த எண்.

லேசிக் செய்தவன் இந்த விகிதத்தைக் கெடுத்துவிட்டு வருகிறான். முன்பக்கம் தட்டையாகிவிட்டது, பின்பக்கம் அப்படியே இருக்கிறது. கருவிக்கு அது தெரியாது.

என் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன் வளைவு 43.75 என்று வைத்துக்கொண்டால் ஆரம் 7.71 மி.மீ. இப்போது அந்தப் பெண் அளந்தபோது 38.75 வந்தது, அதாவது 8.71. ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். கருவியைக் கேட்டால் 5.00 டயாப்டர் குறைந்திருக்கிறது என்று சொல்லும். அதே ஆரங்களை உண்மையான 1.376 போட்டுக் கணக்குப் பார்த்தால் குறைந்தது 5.57. அரை டயாப்டருக்கு மேல் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. கருவி எப்போதும் மாற்றத்தை நூற்றுக்குப் பத்துப் பதினோரு பங்கு குறைத்தே காட்டும். என் கார்னியா இருப்பதைவிட வலுவானது என்று அது நம்புகிறது.

பார்வை நன்றாக இருக்கும்வரை இந்த நம்பிக்கையால் யாருக்கும் நஷ்டமில்லை. புரை ஆபரேஷன் வரும்போதுதான் வில்லங்கம். பழைய லென்ஸை எடுத்துவிட்டு எந்தப் பவரில் புது லென்ஸ் வைப்பது என்று தீர்மானிக்கக் கார்னியாவின் பவர் வேண்டும், கண்ணின் நீளம் வேண்டும். கார்னியா வலுவானது என்று கருவி சொன்னால், போதாத பவரில் லென்ஸ் வைப்பார்கள். போதாக்குறைக்குப் பல சூத்திரங்கள், புது லென்ஸ் கண்ணுக்குள் எவ்வளவு ஆழத்தில் போய் உட்காரும் என்பதையும் கார்னியாவின் வளைவை வைத்தே ஊகிக்கின்றன. தட்டையான கார்னியாவைப் பார்த்து, லென்ஸ் முன்னால் தள்ளி உட்காரும் என்று தப்பாக ஊகித்து, அதற்காக இன்னும் கொஞ்சம் பவரைக் குறைக்கச் சொல்லும். ஒரு பிழை இந்தப் பக்கம், ஒரு பிழை அந்தப் பக்கம் என்றால் அடித்துப்போகும். இரண்டும் ஒரே பக்கம். ஆயுசு முழுக்கக் கிட்டப்பார்வையோடு போராடியவன் கடைசியில் பிளஸ் டிகிரியோடு எழுந்து உட்காருவான்.

அதனால்தான் அந்தக் கேள்வி. முன்னால் என்ன இருந்தது, எவ்வளவு டிகிரி சரிசெய்தார்கள் என்று தெரிந்தால், கருவியின் வாக்குமூலத்தை நம்பாமல் கழித்துப் பார்க்கலாம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: இன்றைக்கு ரிப்போர்ட் இல்லாதவர்களைக் கைவிட்டுவிடுவதில்லை. ஹைகிஸ்-எல், பாரெட் ட்ரூ-கே என்று லேசிக் செய்த கண்களுக்கென்றே சூத்திரங்கள் வந்துவிட்டன, பழைய எண் இல்லாமலும் அவை வேலை செய்யும். பின்பக்கத்தை நேரடியாக அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. டாக்டர் என்னிடம் சொன்னதும் இதைத்தான். "இருந்தா நல்லது. இல்லன்னா பரவாயில்ல, சமாளிக்கலாம்." எனக்கு அந்தச் 'சமாளிக்கலாம்' பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். அம்மா எழுந்து போய், சாமி அலமாரிக்குக் கீழே இருக்கும் பழைய டேனிஷ் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். எல்லா வீட்டையும் போல அதில் ஊசியும் நூலும்தான் இருக்கும் என்று நினைத்தேன். நூல்கண்டுகளுக்கு அடியில் என் கண்ணாடி. இடது காது பக்கம் உடைந்து செல்லோடேப் சுற்றியது.

"நல்ல ஃப்ரேமு, எதுக்குத் தூக்கிப் போடணும்னு வச்சேன்."

அடுத்த நாள் தேக்காவில் ஒரு கண்ணாடிக் கடையில் கொடுத்தேன். லென்ஸின் பவரைப் படிக்கும் கருவி எல்லாக் கடையிலும் உண்டு. கடைக்காரர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு வைத்துப் படித்தார். வலது 5.75, இடது 6.00. காசு வாங்கவில்லை. ரிப்போர்ட்டில் பாதி கிடைத்த மாதிரி. கண்ணாடி கண்ணிலிருந்து 12 மி.மீ. தள்ளி இருக்கும் என்பதால் அந்த 6.00ஐக் கார்னியாவின் மேல் வைத்துப் பார்த்தால் 5.60 ஆகிறது. மேலே சொன்ன 5.57உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த 5.60ஐ வைத்துப் பின்னோக்கிப் போய்த்தான் அந்த 43.75க்கு வந்தேன். பழைய வளைவு எனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே படித்தவர்களுக்கு இதுதான் பதில்.

இதே மாதிரி ஏமாறும் இன்னொரு கருவி கண் அழுத்தத்தை அளப்பது. கார்னியாவை அழுத்தித் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்து உள்ளே இருக்கும் அழுத்தத்தைச் சொல்லும் கோல்ட்மன் கருவி, 520 மைக்ரான் தடிமனுள்ள கார்னியாவை மனத்தில் வைத்துச் செய்தது. மெலிந்த கார்னியா லேசாக அழுந்திவிடும், எண் குறைவாக வரும். புஸ்ஸென்று காற்றடித்து அளப்பதும் இதற்கு விலக்கில்லை. 12 என்று சொன்னால், ஆகா நல்ல அழுத்தம் என்று சந்தோஷப்பட முடியாது. கிளாக்கோமா சத்தமில்லாமல் பார்வையைத் தின்னும் நோய். ஆகவே எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் நாற்காலியில் உட்காரும் முன்பே லேசிக் செய்தவன் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணமாகப் பார்க்கும்போது அவர்களுக்கும் எளிதில் தெரியாது, தழும்பு அவ்வளவு மெல்லியது.

பின்பக்கத்தை அளக்கும் கருவி வந்துவிட்டது என்றேன். அதிலும் ஒரு கதை உண்டு. 1990களின் இறுதியில் ஆர்ப்ஸ்கேன் என்ற கருவி, ஒளிக்கீற்றைக் கார்னியாவின் மேல் நகர்த்திப் படமெடுத்து முன், பின் இரண்டையும் வரைந்து காட்டியது. லேசிக் செய்த கண்களை அதில் வைத்தபோது பின்பக்கம் முன்னால் பிதுங்கியிருப்பதாகத் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் லேசிக்குக்குப் பிறகு கார்னியா பலமிழந்து கூம்பாகப் புடைக்கும் எக்டேசியா என்ற சிக்கலையும் மருத்துவர்கள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். எல்லாக் கண்ணுமே மெல்லப் பிதுங்குகிறதோ என்ற பயம் வந்துவிட்டது. பிறகு வேறு வகைக் கருவியில் அளந்து பார்த்தால் அந்தப் பிதுக்கத்தில் பெரும்பங்கு காணோம். பின்பக்கத்தை முன்பக்கத்தின் வழியாகத்தானே பார்க்க முடியும்? முன்பக்கம் மாறிய பிறகு பின்பக்கம் தோன்றும் விதமும் மாறத்தான் செய்யும். அதற்காகக் கருவி செய்துகொள்ளும் திருத்தத்தில்தான் பிசகு.

அந்த வேறு வகைக் கருவிதான் இப்போது எங்கேயும் இருக்கும் பென்டாகேம். நீலக் கீற்றொளியோடு ஒரு கேமரா கண்ணின் அச்சைச் சுற்றி ஏறக்குறைய இரண்டு நொடியில் அரைவட்டம் அடிக்கும். கேமராவைச் சாய்த்து வைத்தால் முன்னிருந்து பின்வரை எல்லாம் தெளிவாக விழும் என்ற தந்திரம் ஷைம்ப்ஃப்ளுக் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரியின் பெயரில் இருக்கிறது. 1904இல் அவர் அதற்குக் காப்புரிமை வாங்கியது, பலூனிலிருந்து தரையைப் படமெடுத்து வரைபடம் போடுவதற்காக. அவர் மலையையும் பள்ளத்தாக்கையும் அளக்க நினைத்தார். நாம் அரை மில்லிமீட்டர் ஜவ்வில் மேடு பள்ளம் பார்க்கிறோம்.

இது நடந்து மூன்று மாதம் இருக்கும். அக்கா மகள் லேசிக் செய்துகொள்ள வேண்டும் என்றாள். இருபத்திரண்டு வயது, 750 டிகிரி, பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். வீட்டில் எல்லாருக்கும் பாப்பா. கணக்கெல்லாம் கற்றுவைத்திருந்த தாய்மாமன் துணைக்குப் போகாமல் இருப்பேனா?

முதல் முறை அளக்காமலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றி மூன்றே நாள் ஆகியிருந்தது. லென்ஸ் கார்னியாவை அழுத்தி வடிவத்தை மாற்றிவைக்கும், அது பழைய நிலைக்குத் திரும்பிய பிறகு அளந்தால்தான் அளவு. மென்மையான லென்ஸுக்கே ஒன்று இரண்டு வாரம் கேட்பார்கள். பாப்பா இரண்டு வாரம் பழைய தடிமனான கண்ணாடியோடு வகுப்புக்குப் போனாள், ஒரு படம்கூட எடுத்துப் போடவில்லை.

இரண்டாம் முறை அதே பெண்தான். "கண்ணை ரெண்டு தடவை நல்லா சிமிட்டுங்க. இப்ப பெருசா திறங்க. நடுவுல உள்ள புள்ளியப் பாருங்க. அப்படியே... அப்படியே... ஓகே." சிமிட்டச் சொல்வது சும்மா இல்லை. கண்ணீர்ப்படலம் வற்றிப்போனால் வளையங்கள் கிழிந்த கோலம் மாதிரி விழும். அளவெடுப்பது உண்மையில் ஈரத்தின் மேல்தான்.

திரையில் படம் வந்ததும் பாப்பா என் கையைப் பிடித்தாள். "மாமா, நடுவுல சிவப்பா இருக்கு. ஆபத்தா?"

எனக்கும் பக்கென்றது. சூடான நிறம் என்றால் செங்குத்து, குளிர்ந்த நிறம் என்றால் தட்டை, அவ்வளவே என்று அந்தப் பெண் விளக்கினார். மேலும் கீழுமாக நின்ற அந்தச் சிவப்பு, உடுக்கை மாதிரி இடை சிறுத்திருந்தது. அது சாதாரண ஆஸ்டிக்மேட்டிசம், அதாவது கார்னியா ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வளைந்திருப்பது, நிறையப் பேருக்கு உண்டு. பிறகு நிற அளவுகோலின் படிகளை மாற்றிக் காட்டினார். அதே கண், அதே எண்கள், சிவப்பு மறைந்து பச்சையும் மஞ்சளுமாக ஆயிற்று. என்னுடைய படத்தில் நடுவில் நீலக் குளம் ஒன்று இருந்தது ஞாபகம் வந்தது. அதுதான் என்னிடமிருந்து எடுத்த 600 டிகிரி. நிறத்தைப் பார்த்துப் பயப்படுபவர்கள் முதலில் ஓரத்தில் இருக்கும் அளவுகோலைப் பார்க்க வேண்டும். இரண்டு வேறு நாள் எடுத்த படங்களை ஒப்பிடும்போதும் இதே சங்கதிதான். மேட்டையும் பள்ளத்தையும் எந்தக் கோளத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறினால், கண் மாறாமலேயே படம் மாறிவிடும்.

டாக்டரைப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கீழே கோப்பிக்கடையில் தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். டிஷ்யூ பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை உருவி நான் கணக்குப் போட்டேன். பாப்பாவின் கார்னியா, மிக மெல்லிய இடத்தில் 498 மைக்ரான். மூடி 110. 6.5 மி.மீ. வட்டம், 7.5 டயாப்டர்: 42.25ஐ ஏழரையால் பெருக்கி மூன்றால் வகுக்க ஏறக்குறைய 106. இரண்டும் சேர்ந்து 216. அடியில் மிஞ்சுவது 282.

"250க்கு மேல இருந்தா போதும்னு நெட்டுல போட்டிருக்கு" என்றாள்.

அது பழைய எல்லை. பலர் இப்போது 300 கேட்கிறார்கள். மொத்தத் தடிமனில் 40 சதவீதத்துக்கு மேல் கைவைக்கக் கூடாது என்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. 216ஐ 498ஆல் வகுத்தால் 43. வட்டத்தை 6 மி.மீ. ஆக்கினால் 40க்கு வந்துவிடும், ஆனால் இருட்டில் பாப்பா விரியும்போது, அதாவது கண்ணின் பாப்பா, வட்டத்தின் விளிம்பு குறுக்கே வந்து விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். எனக்கு இன்றைக்கும் தீவு விரைவுச்சாலையில் இரவு நேரத்தில் தெரு விளக்குகள் எல்லாம் சாமி படத்தில் வருவது போல் ஒளிவட்டத்தோடுதான் நிற்கின்றன. அவளிடம் சொன்னேன். டிஷ்யூவில் தேநீர் சிந்தி 282 மட்டும் கரைந்தது. இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

டாக்டர் என் டிஷ்யூவைப் பார்க்கவில்லை, அவரிடம் அதைவிட நல்ல கணக்கு இருந்தது. அவர் கவலைப்பட்டது வேறொன்றுக்கு. இடது கண்ணில் மிக மெல்லிய இடம் நடுவில் இல்லை, கொஞ்சம் கீழே ஒதுங்கியிருந்தது. பின்பக்கத்தில் அதே இடத்தில் ஒரு சின்ன மேடு. முன்பக்கம் அழகாக இருந்தது. முன்பக்கத்தை நம்ப முடியாது என்றார். கார்னியாவின் மேல் தோல் 50 மைக்ரான் தடிமன்தான், ஆனால் கெட்டிக்காரக் கொத்தனார் மாதிரி பள்ளத்தைப் பூசி நிரப்பி, மேட்டில் மெலிந்து, எல்லாவற்றையும் மட்டமாக்கிக் காட்டும். என் கண்ணிலும் அது நடந்திருக்கிறது. லேசரால் செதுக்கிய நடுப்பகுதியில் தோல் சில மைக்ரான் தடித்திருக்கிறது. வருடங்கள் கழித்துச் சிலருக்குக் கொஞ்சம் டிகிரி திரும்பி வருவதில் அதற்கும் பங்குண்டு.

"கண்ணை அடிக்கடி கசக்குவீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

பாப்பா என்னைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே தூசி ஒவ்வாமை. கசக்காத நாள் கிடையாது.

இதைக் கூம்புக் கார்னியா, அதாவது கார்னியா மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய், என்று சொல்லிவிட முடியாது, ஆனால் இன்றைக்கு லேசர் வைக்க மாட்டேன் என்றார். கசக்குவதை நிறுத்தி, ஒவ்வாமைக்குச் சொட்டு மருந்து போட்டு, ஒரு வருடம் கழித்து இதே கருவியில் மறுபடி அளப்போம். மாறாமல் இருந்தால், கார்னியாவைத் தொடாமல் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறையைப் பற்றிப் பேசலாம். அவ்வளவுதான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பும்போது ரயிலில் பாப்பா பேசவே இல்லை. கை இரண்டு முறை கண்ணுக்குப் போய்ப் பாதியில் நின்றது. உட்லண்ட்ஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கேட்டாள். "உங்களுக்குப் பண்ணும்போது பின்பக்கமெல்லாம் பாத்தாங்களா மாமா?"

2005இல் யார் எதைப் பார்த்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும். அந்த ரிப்போர்ட்தான் இல்லையே.

வீட்டில் அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். ஆபரேஷன் இல்லை என்றதும் அவருக்கு நிம்மதி, முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பாப்பா நேராக உள்ளே போய்ப் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் வைக்கும் பிளாஸ்டிக் கோப்பைத் தூக்கிவந்து, வலது கண் ஒன்று, இடது கண் ஒன்று என்று இரண்டு வண்ணத் தாள்களையும் ஆளுக்கொரு உறையில் செருகினாள். போனில் படம் எடுத்து எனக்கும் அனுப்பினாள்.

"அதான் ஒண்ணும் பண்ணலியே, அப்புறம் எதுக்குடி அந்தப் பேப்பரு?" என்றார் அக்கா.

"மாமாகிட்ட கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.